ஊர் எது? எந்தத் தெரு?

கள ஆய்வுக்காக முதன்முறை மும்பைக்குச் சென்றபோது, நெடிய இரயில் பயணம் முடிந்து அதிகாலையில் தாதரில் இறங்கினேன். முன்பதிவு செய்திருந்த விடுதியின் எழுத்தர் என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தனியாக வரும் ஆண்களுக்கு அறை கொடுப்பதில்லை என்றார். பதிவு செய்தபோது அந்த விதி எங்கும் காணப்படவில்லை. ஊரிலிருந்த நண்பரொருவரின் தந்தை ஒரு தொலைபேசி எண்ணைத் தந்தார். எண்ணுக்குரியவர் தாராவியில் நாற்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் பெரியவர். அழைத்தேன். "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "ஊருல எந்தத் தெரு?" என்று அடுத்துக் கேட்டார். அதையும் சொன்னேன். ஒரு கணம் அமைதி. பிறகு, "சரி, வாங்க. இடம் பார்த்துக்கலாம்" என்றார்.

அந்த ஒரு கணத்தைப் பற்றியதே இப்பதிவு. முதற்கேள்வி எனக்குக் கதவைத் திறந்தது. இரண்டாம் கேள்வி எந்தக் கதவு என்பதைத் தீர்மானித்தது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் தெருவின் பெயர் எதைச் சொல்லும் என்பதை இங்குள்ள நண்பர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

புலம்பெயர்வு, நகரம், சாதி ஆகியவற்றை ஆராயும் நாம், ஒரு நகரத்திற்குள் ஒருவர் எவ்வாறு நுழைகிறார், முதல் இரவு எங்கே தலை சாய்க்கிறார் என்ற எளிய கேள்வியைப் பெரும்பாலும் சுற்றுலாத் துறையிடம் விட்டுவிட்டோம். "வருகையாளர் தகவல்" என்றால் விடுதிப் பட்டியல், பார்க்க வேண்டிய இடங்கள், விமான நிலையத்திலிருந்து செல்லும் வழி என்று எண்ணிக்கொண்டோம். ஆனால் யாரை வருகையாளர் என்று கொள்கிறோமோ அதைப் பொறுத்தே எது தகவல் என்பதும் அமைகிறது. மும்பைக்கு வரும் தமிழர்களில் பெரும்பாலோர் கண்டுகளிக்க வருவோர் அல்லர். வேலை தேடி வருபவர், மகளின் பேறுகாலத்திற்கு வரும் தாய், சாவுக்கு வரும் உறவினர், புற்றுநோய்க்கு மருத்துவம் பெற வருபவர், தேர்வெழுதவும் ஆய்வுக்காகவும் வரும் மாணவர் ஆகியோரே அவர்கள். இவர்களுக்கான வழிகாட்டி எந்த அலுவலகத்திலும் அச்சிடப்பட்டதில்லை. அது மனிதர்களின் நினைவிலும் தொலைபேசி எண்களிலும் இருக்கிறது. அதனாலேயே, அதைப் பெற ஒருவர் முதலில் தம் தெருவைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

"புறநகர்" என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். 1990 அக்டோபரில் பெருநகர பம்பாய் மாவட்டம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு மும்பை புறநகர் மாவட்டம் உருவானது. பாந்திராவில் அதன் தலைமையகம். இன்றைய எல்லைப்படி செம்பூர் புறநகர் மாவட்டத்தில் அடங்கும். மாட்டுங்காவும் தாராவியும் நகர மாவட்டத்தைச் சேர்ந்தவை. வரலாறோ வேறு விதமாகச் சொல்கிறது. 1896இல் பிளேக் நோய் தாக்கியதைத் தொடர்ந்து 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் மேம்பாட்டுப் பொறுப்பாட்சி தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளைத் திட்டமிட்ட போது, அவையே நகரின் புறநகர். அடுக்ககக் குடியிருப்பு என்னும் வாழ்முறை அங்கே வேரூன்றியதையும், அதில் தென்னிந்திய நடுத்தர வர்க்கம் ஆற்றிய பங்கையும் நிகில் ராவ் 2013இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தாராவியோ முதலில் கோலி மீனவர்களின் ஊர். பின்னர் நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்ட தோல் பதனிடும் தொழில் அங்கு நிலைகொண்டது. அத்தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வரத் தொடங்கினர். ஆக, நகரின் விளிம்பில் ஏறத்தாழ ஒரே காலகட்டத்தில் தமிழர்களுக்கு இரண்டு நுழைவாயில்கள் திறந்தன. இரண்டுக்கும் இடையே நடந்து கடக்கக்கூடிய தூரம்தான். ஆனால் ஒன்றின் வழியே வந்தவருக்கு மற்றொன்று திறக்கவில்லை.

மாட்டுங்காவுக்கு வந்தவர் எழுத்தர், தட்டச்சர், கணக்கர், ஆசிரியர். ஆங்கிலம் படித்தவர். அவருக்கு வேண்டியது வாடகை அறையும் நம் ஊர்ச் சோறும். அத்தேவையிலிருந்தே மாட்டுங்காவின் உணவகப் பண்பாடு பிறந்தது. 1942இல் தொடங்கப்பட்ட ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் இன்றும் மாட்டுங்கா நிலையத்தருகே வாழையிலையில் சோறு பரிமாறுகிறது. அதன் பெயரிலுள்ள "போர்டிங்" என்ற சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உணவும் இருப்பிடமும் ஒன்றாக எண்ணப்பட்ட காலத்தின் எச்சம் அது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் 1952இல் சண்முகானந்தா சபாவும் தோன்றின. பள்ளி, சபை, கோயில், உணவகம் என்று ஒரு முழு உலகம் அமைந்தது. புதிதாக வந்தவர் அதற்குள் நுழைந்தால், வேலைக்கான பரிந்துரை முதல் திருமணத் தொடர்பு வரை அனைத்தும் கிடைத்தன. பிறகு இடம் போதாமல் செம்பூருக்கும் அப்பாலும் பரவினர். செம்பூரின் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியும், செட்டா நகரில் படிகளுக்கு மேல் நிற்கும் திருச்செம்பூர் முருகன் கோயிலும் அந்தப் பரவலின் தடயங்கள்.

தாராவிக்கு வந்தவருக்கு உணவக விடுதி கட்டுப்படியாகவில்லை. அவர் தங்கியது "பொங்கல் வீடு". ஒரே ஊரையோ வட்டாரத்தையோ சேர்ந்த ஆண்கள் ஓர் அறையை எடுத்து, முறைவைத்துப் படுத்து, சேர்ந்து சமைத்து உண்ணும் ஏற்பாடு. இரவுப்பணி முடித்தவர் எழுந்து போனவரின் பாயில் படுப்பார். புதிதாக வந்தவர் வேலை கிடைக்கும்வரை பங்கு தர வேண்டியதில்லை. கிடைத்தபின் அடுத்து வருபவருக்கு அவர் அதையே செய்ய வேண்டும். எழுதப்படாத ஒப்பந்தம்தான், ஆனால் நான் சந்தித்த முதியவர்களில் ஒருவர்கூட அதை மீறியவரைப் பற்றிச் சொல்லவில்லை. இத்தகைய ஏற்பாடு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கோவாவிலிருந்து வந்த கப்பல் தொழிலாளர்களுக்காக தோபி தலாவ் பகுதியில் ஊர் வாரியாக அமைந்த "கூட்" எனப்படும் மன்றங்களும் இதே தருக்கத்தில் இயங்கியவையே. கப்பலிலிருந்து இறங்கியவருக்குத் தம் ஊர்ப் பெயர் தாங்கிய மன்றத்தில் பெட்டி வைக்க ஓரிடம் உண்டு.

இவற்றைப் பற்றிப் பேசும்போது நம்மிடையே ஒரு நெகிழ்ச்சி வந்துவிடுகிறது. "அந்நிய நகரில் சொந்தங்கள் காத்த மனிதநேயம்" என்று எழுதத் தோன்றுகிறது. நானும் என் ஆய்வின் முதல் அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். அந்த வரி பொய்யன்று. ஆனால் பாதி உண்மை. பொங்கல் வீட்டின் விருந்தோம்பல் ஊரால் வரையறுக்கப்பட்டது. ஊரோ தெருவால் வரையறுக்கப்பட்டது. மாட்டுங்கா அறைகளில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு "அறை காலியில்லை" என்ற பதில் கிடைத்தது என்பதை அங்குள்ள குடும்பப் பெயர்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம். ஊரில் எவரும் இல்லாதவருக்கும், சாதி கடந்து மணம் செய்துகொண்டு ஓடிவந்தவருக்கும், தனியே வரும் பெண்ணுக்கும், திருநங்கைக்கும் எந்தப் பொங்கல் வீட்டிலும் பாய் விரிக்கப்படவில்லை. உறவின் வழியே மட்டும் கிடைக்கும் தகவல், உறவுக்கு வெளியே நிற்பவரைத் தெருவில் நிறுத்திவிடும். அன்று காலை, விடுதி எழுத்தரின் மறுப்பும் பெரியவரின் அந்த ஒரு கண அமைதியும் அளவில் வேறு, வகையில் ஒன்றே.

ஆகவேதான் பொதுவில் கிடைக்கும் தகவலை நான் ஒரு சனநாயகக் கோரிக்கையாகக் கருதுகிறேன். எங்கே தங்கலாம், எப்படிச் செல்லலாம், எவ்வளவு செலவாகும், மறுத்தால் எங்கே முறையிடலாம் என்பவை அச்சில், தமிழில், யாருக்கும் கிடைக்கும் வகையில் இருக்குமானால், "எந்தத் தெரு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஒருவர் நகருக்குள் நுழைய முடியும்.

இன்று பொதுவில் இருப்பது என்ன? தாராவியைப் பற்றிய வருகையாளர் தகவல் ஏராளமாக உண்டு. அது வேறொரு வருகையாளருக்கானது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து தாராவிக்குள் நடைப்பயணச் சுற்றுலாக்கள் நடைபெறுகின்றன. 2008இல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வெளிவந்த பின்னர் அவற்றின் புகழ் பெருகியது. 2019இல் ஒரு பன்னாட்டுப் பயண இணையதளத்தின் பயணியர் தெரிவில் தாராவிச் சுற்றுலா தாஜ்மகாலையும் முந்தியதாகச் செய்திகள் வந்தன. 2018இல் நெதர்லாந்து நாட்டவர் ஒருவரின் முயற்சியில், உள்ளூர்க் குடும்பமொன்றின் வீட்டு மேல்தளத்தில் ஓர் இரவு தங்க 2,000 ரூபாய் என்ற அறிவிப்பும் வந்து பெரும் விவாதமானது. நிழற்படம் எடுக்கத் தடை, வருவாயின் பெரும்பகுதி கல்விப் பணிக்கு என்று நெறிமுறையோடு நடக்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றை இழித்துரைக்க நான் வரவில்லை. ஆனால் இந்த முரணைக் கவனியுங்கள். ஒரே தாராவியின் ஒரே மேல்தள அறை, வெளிநாட்டவருக்கு ஓர் இரவு அனுபவமாக விற்கப்படும்போது உலகச் செய்தியாகிறது. தென்காசியிலிருந்து வரும் இளைஞன் மாத வாடகைக்கு அதே அறையில் ஒதுங்கும்போது அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நமது திரைப்படங்களும் ஒரு வகையில் வழிகாட்டி நூல்களே. 'நாயகன்' 1987இலும் 'காலா' 2018இலும் தமிழ்நாட்டுக்குத் தாராவியை அறிமுகப்படுத்தின. அவற்றைப் பார்த்துவிட்டு வருபவர் தலைவனைத் தேடுகிறார். அங்கே அவருக்கு உடனடித் தேவை கழிவறை எங்கே, தண்ணீர் எப்போது வரும், சயான் நிலையத்துக்கு எந்தச் சந்து வழியே போவது என்பவையே.

கணக்கில் வராமை வெறும் கல்விசார் கவலை அன்று. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இன்று செயல்வடிவம் பெற்று வருகிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையுடன் அதானி குழுமம் அதைப் பெற்றது. திட்டத்தின் தகுதி விதிகளின்படி, 2000 சனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியிருப்புகளுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். 2000க்கும் 2011க்கும் இடைப்பட்டவற்றுக்குத் தாராவிக்கு வெளியே, பணம் செலுத்திப் பெறும் வீடு. மேல்தளங்களில் இருப்போருக்கும் வெளியேதான். அதுவும் வாடகை-கொள்முதல் முறையில். இவ்விதிகள் முழுவதும் வீட்டுக்காரரையும் குடியிருப்பவரையும் பற்றியவை. மூன்று மாதம் தங்கி வேலை கற்றுப் போகிறவர், பருவந்தோறும் வந்து செல்பவர், மருத்துவத்திற்கு வந்து அத்தை வீட்டுப் பரணில் படுத்திருப்பவர் ஆகியோர் எந்தக் கணக்கெடுப்பாளரின் படிவத்திலும் இல்லை. படிவத்தில் இல்லாதவர்க்கு மாற்று இடமும் இல்லை. வீடுகள் மீண்டும் கட்டப்படலாம். ஆனால் 350 சதுர அடி அடுக்கக வீட்டில், மின்தூக்கியும் பராமரிப்புக் கட்டணமும் காவலாளியும் உள்ள கட்டடத்தில், பத்துப் பேர் முறைவைத்துப் படுக்கும் ஏற்பாடு தொடர முடியாது. அது தொடர வேண்டும் என்றும் நான் வாதிடவில்லை. அந்த நெருக்கத்தில் எவரும் விரும்பிப் படுத்ததில்லை. அது அகலும்போது, நகருக்குப் புதிதாக வரும் ஏழையின் முதல் இரவுக்கு எது ஈடு என்பதே என் கேள்வி. இதற்கு விடை திட்ட ஆவணங்களில் இல்லை.

அரசின் இல்லத் தங்கல் திட்டம் ஈடாகுமா? நடுவண் சுற்றுலா அமைச்சகத்தின் திட்டம் ஒன்று முதல் ஆறு அறைகள் வரை வாடகைக்குத் தரும் வீடுகளை ஆய்வு செய்து தரச்சான்று வழங்குகிறது. ஆறு அறைகள் உள்ள வீட்டைத் தாராவியில் தேடுவோர் சோர்ந்துபோவர். இரயில் நிலைய ஓய்வறைகள் பயனுள்ளவை. மும்பை சென்ட்ரலில் 2021 நவம்பர் முதல் சிற்றறை விடுதியும் இயங்குகிறது. ஆனால் அவை சில மணி நேரப் பயணிகளுக்கானவை. மருத்துவத்திற்கு வருவோருக்கு மட்டும், அறநிலையங்கள் வலுவான மாற்றைத் தந்திருக்கின்றன. பரேலில் 1941 முதல் இயங்கும் டாடா நினைவு மருத்துவமனைக்கு வருவோர், தாதரிலுள்ள காட்கே மகராஜ் தர்மசாலை, பாந்திராவின் எர்னஸ்ட் போர்ஜஸ் இல்லம், பரேலின் நானா பால்கர் ஸ்மிருதி சமிதி போன்ற இடங்களில் குறைந்த செலவில் தங்க முடிகிறது. மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவை அணுகுவதே அதற்கான முதற்படி. இந்த ஒரு வாக்கியம் தமிழில் எங்கும் அறிவிப்பாக என் கண்ணில் பட்டதில்லை. பரேல் நடைபாதையில் படுத்திருந்த தமிழ்க் குடும்பமொன்றிடம் நான் இதைச் சொன்னபோது, அவர்கள் அங்கு வந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. "இதை மொத நாளே யாராச்சும் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்குமேய்யா" என்றார் அந்தத் தாய். அவருக்குத் தாராவியில் யாரையும் தெரியாது.

இதைத்தான் இழப்பு என்கிறேன். இடம் இருந்தது, அதற்கான தகவல் அவருடைய மொழியில், அவர் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

இனி, செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவதாக, தமிழில் ஒரு வருகையாளர் கையேடு வேண்டும். சுற்றுலாக் கையேடு அன்று, நுழைவுக் கையேடு. தமிழ்நாட்டிலிருந்து வரும் வண்டிகள் ஒரே நிலையத்தில் முடிவதில்லை. லோகமான்ய திலக் முனையத்தில் இறங்குபவருக்குச் செம்பூர் மிக அருகில் என்றும், துறைமுகத் தடத்தின் திலக் நகர் நிலையமே அதற்கு வழி என்றும் அதில் இருக்க வேண்டும். மாட்டுங்கா என்பது மத்திய இரயில்வேயிலும், மாட்டுங்கா ரோடு என்பது மேற்கு இரயில்வேயிலும் உள்ள வெவ்வேறு நிலையங்கள் என்று இருக்க வேண்டும். தாதரின் நடைமேடைகள் 2023 டிசம்பரில் ஒரே வரிசையில் மறு எண்ணிடப்பட்டன; பழைய எண்ணைச் சொல்லி வழிகாட்டும் உறவினரால் வண்டியைத் தவறவிட நேரும் என்று இருக்க வேண்டும். ஆட்டோக்கள் சயானுக்கும் பாந்திராவுக்கும் தெற்கே ஓடா என்றும், தாராவிக்கு 2025 மே முதல் சுரங்க மெட்ரோ நிலையம் உண்டு என்றும் இருக்க வேண்டும். இலங்கையிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வரும் தமிழர்க்கு, தங்க வைப்பவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை வீடுகளுக்கும் பொருந்தும் என்று சொல்லப்பட வேண்டும். இவை சிறு செய்திகள். ஆனால் தெரிந்தவர் இல்லாதவருக்கு ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி.

இரண்டாவதாக, இதை யார் செய்வது என்ற கேள்வி. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. தமிழ் அவற்றுள் ஒன்று. தமிழில் பாடம் நடத்தும் ஒரு மாநகராட்சியால் தமிழில் ஒரு தகவல் பலகை வைக்க இயலாது என்று நான் நம்பவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி மராட்டியத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 5 இலட்சம். அவர்களைக் காண வருவோரும் அந்நகரின் மக்களே. தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இதில் கைகொடுக்க வேண்டும்; பிற மாநிலங்களுக்குச் செல்பவரும் புலம்பெயர்ந்தவரே.

மூன்றாவது நமக்கானது. தியோனாரின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும், அதனருகே உள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்திலும், பொவாயின் தொழில்நுட்பக் கழகத்திலும் தமிழ் மாணவர் பலர் உள்ளனர். நம்மில் பலர் தாராவியில் நேர்காணல் எடுத்துப் பட்டம் பெற்றிருக்கிறோம். நமக்குத் தகவல் தந்தவர்களுக்கு நாம் திருப்பித் தந்தது பெரும்பாலும் நன்றியுரையில் ஒரு வரி. பொங்கல் வீடுகளின் நடைமுறையை, அவை இடிக்கப்படுமுன், அவற்றில் வாழ்ந்தோரின் சொற்களில் பதிவு செய்வதும், அந்த அறிவைப் பொதுக் கையேடாக மாற்றித் தருவதும் நம் கடன்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. வீடுகளின் முகவரிகளை வெளியிட்டால் காவல்துறையும் வீட்டுத் தரகரும் சுற்றுலாக்காரரும் அங்கே போய் நிற்பர். இரகசியமே அந்த ஏற்பாட்டின் பாதுகாப்பு என்று ஆய்வுத்தோழி ஒருவர் வாதிட்டார். அவர் சொல்வது சரி. தனியார் இல்லங்களின் முகவரி கையேட்டில் இடம்பெறக் கூடாது. நான் கோருவது தர்மசாலைகள், பொது விடுதிகள், பணிபுரியும் மகளிர் விடுதிகள், ஓய்வறைகள், சட்ட உதவி மையங்கள் ஆகியவற்றின் விவரங்களை. விடுதியில் சாதியையோ மதத்தையோ காரணம் காட்டி மறுத்தால் என்ன செய்யலாம் என்ற தெளிவை. உறவின் வழியே வருபவர் உறவின் வழியே வரட்டும். உறவு இல்லாதவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் வீட்டில் பதினோரு நாள்கள் தங்கினேன். பாயும் போர்வையும் தந்தார். வாடகை வாங்க மறுத்தார். விடைபெறும் நாளில், அன்று ஏன் சற்றுத் தயங்கினீர்கள் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "உங்க தெருவச் சொன்னதும் யோசிச்சேன் தம்பி. நீங்க எங்க வீட்டுல சாப்பிடுவீங்களோ மாட்டீங்களோன்னு" என்றார்.

தயக்கம் யாருடையது என்று நான் எண்ணியிருந்தேனோ, அது அவ்வாறில்லை. அவர் என்னைச் சோதிக்கவில்லை. நான் அவரை அவமதித்துவிடக்கூடும் என்று அஞ்சியிருக்கிறார். நாற்பது ஆண்டுக்கால நகர வாழ்வும் துடைக்காத அச்சம் அது. ஒரு கையேடு அதைத் துடைத்துவிடாது. ஆனால் அடுத்த முறை ஒருவர் தாதரில் இறங்கும்போது, முதல் இரவுக்காக இன்னொருவரை அந்தத் தயக்கத்துக்குள் தள்ளாமல் இருக்க அது உதவும்.

இக்கையேட்டைத் தொகுக்க முன்வரும் மாணவர்களும் ஆசிரியர்களும், குறிப்பாக மும்பையில் இருப்போர், பின்னூட்டத்தில் தெரிவியுங்கள். நிலையங்கள், மருத்துவமனைகள், மாணவர் தங்குமிடங்கள் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு தொடங்கலாம். தாராவியின் மேல்தளங்கள் இன்னும் எத்தனை காலம் நிற்கும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில், இதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட நமக்கு உரிமையில்லை.